கஸ்தூரி மிஸ்ஸும் இரண்டாவது வரியும்

நடுவிரலை மடக்கி, அதன் கணுவால் சுவரில் தட்டுகிறார் கஸ்தூரி மிஸ். ஒரு தட்டுக்கு ஒரு வரி. கூடத்துப் பாயில் சம்மணம் போட்டிருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கண்களை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். "பசுந்தாவரங்கள் சூரிய ஒளியின் முன்னிலையில்…" தட்டு. "நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் பயன்படுத்தி…" தட்டு. யாராவது ஒருவர் 'முன்னிலையில்' என்பதற்குப் பதிலாக 'உதவியால்' என்றுவிட்டால் தட்டு நின்றுவிடும். கூடமே மூச்சை அடக்கிக்கொள்ளும்.

"யாரது? புக்குல உதவின்னா போட்டிருக்குது? மொதல்ல இருந்து."

அவர் குரல் உயராது. கீழே இறங்கும். அந்த இறங்கிய குரலுக்குத்தான் பிள்ளைகள் நடுங்கினார்கள். பிரம்பு ஒன்று பீரோ மேல் கிடந்தது. அதை அவர் எடுத்ததைவிட, அதை நோக்கித் திரும்பிப் பார்த்ததுதான் அதிகம். திரும்பிப் பார்த்தாலே போதும், தவறியவர் தானாகக் கையை நீட்டிவிடுவார்.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். ஒரு சிறிய அச்சகத்துக்கு மெய்ப்புப் பார்ப்பவன், பகலெல்லாம் வீட்டில்தான். செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளை வெளிநாட்டாருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஒருநாள் சாயங்காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எங்கள் வீட்டெதிரே நின்று, கைகூப்பிக் கண்மூடி, பிள்ளைகளின் குரலை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்குப் போக இறங்கிய என்னிடம், இது எந்த வேதம் என்று விசாரித்தார். பத்தாம் வகுப்பு அறிவியல், ஒளிச்சேர்க்கை என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. இதைக் கஸ்தூரி மிஸ்ஸிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அந்தம்மா நின்னதுல பசங்களுக்கு கவனம் எதனா கலஞ்சிருக்குமா சார்?" என்றார்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் தவறாமல் ஓர் ஊக்கு. எதற்கும் பயப்படுகிறவர். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு, பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவார். பொதுத்தேர்வு நாட்களில் அவர் வீட்டுச் சமையலில் தாளிப்பு கிடையாது. பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் எண்ணெயில் கடுகு வெடித்தால் அவருக்கு நெஞ்சு படபடக்குமாம். அவர் கணவர் கோதண்டராமன் அந்த நாட்களில் சத்தம் போடாமல் ஓட்டலில் சாப்பிட்டுவிடுவார்.

இந்தப் பயத்தை அவர் நோயாக நினைத்ததில்லை. முதலீடாக நினைத்தார். "பயம் இருந்தாதான் சார் படிப்பு. பயம் கம்மியாச்சுன்னா மார்க்கும் கம்மிதான்" என்பார்.

அதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் தேர்வில், மனப்பாடமாக வைத்திருந்த ஒரு பதிலின் இரண்டாவது வரி அவருக்கு வராமல் போயிற்று. அதைத் தேடிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். தெரிந்த மற்றக் கேள்விகளுக்குப் போகக் கை வரவில்லை. மணி அடித்துத் தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாத மார்க். "இன்னும் நாலு வாட்டி சொல்லிப் பாத்திருந்தா வந்திருக்கும் சார். சோம்பேறித்தனம். என் தப்புதான்." இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவர் எடுத்துக்கொண்ட பாடம் அதுதான்.

பள்ளிக்கூடங்களில் இப்போது வேறு காற்று அடிக்கிறது. பெற்றோர் கூட்டங்களில், பிள்ளைகள் தாங்களாகவே படித்துப் புரிந்துகொள்ளட்டும், நெட்டுரு வேண்டாம் என்கிறார்கள். கேள்வித்தாளிலும் பாடத்துக்கு உள்ளிருந்து சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். கஸ்தூரி மிஸ் இதையும் ஓர் ஆபத்தாகத்தான் பார்த்தார். "சுத்தி வளச்சு கேட்டா, நம்மளும் சுத்தி வளச்சு மனப்பாடம் பண்ணிட்டுப் போவோம். புரியறது எப்ப வேணா புரியும் சார். பரீட்ச மார்ச்சுல வந்துடுது."

அவரிடம் படித்தவர்களிலேயே எழில்தான் அவருக்குப் பெருமை. தாய் மணிமொழி பக்கத்துத் தெரு விடுதியில் சமையல் வேலை பார்க்கிறாள். தகப்பனுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. எழில் அறிவியல் புத்தகத்தை எந்தப் பாடத்தில் தொடங்கச் சொன்னாலும் தொடங்குவாள். ஒரே குறை, நடுவில் நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து அவளால் சொல்ல முடியாது. முதல் வரிக்குப் போய்விடுவாள். ஒருமுறை படிக்கட்டில் உட்கார்ந்து சவ்வூடு பரவலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "உலர்ந்த திராட்சையைத் தண்ணியில போட்டா ஏன் பாப்பா உப்புது?" என்று சும்மா கேட்டேன். கண்கள் விரிந்தன. உதடு காய்ந்துவிட்டது. நான் அவளை அடிக்க வந்தவன் போலச் சுவரோரம் ஒடுங்கி, சவ்வூடு பரவலை மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். என் கேள்வி அவள் காதில் விழுந்தது. ஆனால் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இதைக் கஸ்தூரி மிஸ்ஸிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். தேர்வு நெருங்கும் நேரம் என்று விட்டுவிட்டேன்.

மாசிப் பௌர்ணமி அன்று இரண்டாம் திருப்புதல் தேர்வு, அறிவியல். காலையிலேயே பௌர்ணமி பிறந்துவிட்டதால் வெயிலைப் பொருட்படுத்தாமல் செங்கம் ரோடு முழுக்கக் கிரிவலக் கூட்டம். பஸ், ஆட்டோ எதுவும் இல்லை. டவுன் பக்கமிருந்து கூட்டம் மேற்கே வரும்; எங்கள் தெருப் பிள்ளைகள் அதை எதிர்த்துக்கொண்டு கிழக்கே பள்ளிக்கு நடக்க வேண்டும்.

தேர்வு தொடங்கியிருக்க வேண்டிய நேரத்தில் மணிமொழி ஓடிவந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. "மிஸ், ஸ்கூல்ல இருந்து போன் வந்துச்சு. எழில் வரவே இல்லயாம். காலைல சீக்கிரமே கிளம்பிடுச்சு மிஸ். ஒரு வாய் கூட சாப்புடல. இங்க எதனா வந்துச்சா?"

வரவில்லை. கஸ்தூரி மிஸ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, எதையும் பூட்டாமல் தெருவில் இறங்கினார். அவர் வீட்டைப் பூட்டாமல் போனதை அன்றுதான் பார்த்தேன். மணிமொழியும் கோதண்டராமனும் பள்ளிப் பக்கமும் ஆஸ்பத்திரிப் பக்கமும் தேடப் போனார்கள். நானும் மிஸ்ஸும் கிரிவலப் பாதையில் கூட்டத்தோடு நடந்தோம்.

அத்தனை லட்சம் பேரில் ஒரு பெண்பிள்ளையைத் தேடுவது எப்படி என்று தேடியவர்களுக்குத்தான் தெரியும். நீலச் சீருடை என்பதால் நீலமாகத் தெரிந்த ஒவ்வொன்றும் எங்களை இழுத்தது. நீலப் புடவை, நீலப் பை, நீலத் தார்ப்பாய். "எழிலு! எழிலு!" என்று மிஸ் கூப்பிட்டார். உயராத அந்தக் குரல் உயர்ந்தபோது கிழிந்துபோனது. 'அரோகரா' சத்தத்தில் அது எடுபடவும் இல்லை. பாதையோரத்துக் குளம் ஒன்றின் படியில் இறங்கினார். தண்ணீரில், பாசிக்கு நடுவே, நீலமாக ஏதோ மிதந்தது. அவர் என் முழங்கையைப் பிடித்தார். நகம் தோலில் இறங்கியது. ஒருவர் குச்சியால் இழுத்துப் போட்டார். பிளாஸ்டிக் கவர்.

"வருஷா வருஷம் பேப்பர்ல போடுவான் சார்," என்றார் மிஸ், மேலே ஏறாமல். "ரிசல்ட் அன்னிக்கு ஓரத்துல சின்னதா. நான் அந்தப் பக்கத்த மட்டும் படிக்க மாட்டேன். மடிச்சு வெச்சிடுவேன்."

கொஞ்ச தூரத்தில் காவல்துறையின் உதவி மையம். மைக்கில் காணாமல் போனவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். பெண் காவலர் ஒருவர் விவரம் கேட்டார். பெயர், வயது, உடை எல்லாம் மிஸ் சொல்லிவிட்டார்.

"ஃப்ரெண்ட்ஸ் யாருனா இருக்காங்களா? பேரு?"

மிஸ் என்னைப் பார்த்தார்.

"எங்கனா அடிக்கடி போவுமா? கோயிலு, கடை, சொந்தக்காரங்க வீடு?"

மிஸ்ஸின் விரல்கள் தோள் ஊக்கைத் தேடின.

"அது என்னா சாப்புடும், என்னா புடிக்கும், எதனா சொல்லுங்கம்மா. நீங்க யாரு, சொந்தமா?"

"மிஸ்ஸு. மூணு வருஷமா எங்கிட்டதான் படிக்குது." என்றார் மிஸ். "ஏழாவது பாடம்… ஏழாவது பாடம் தப்பே இல்லாம சொல்லும்."

காவலர் பேனாவை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். கேலியாக இல்லை, இதை எங்கே எழுதுவது என்று தெரியாமல். மிஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரில் கேள்வி. பதில் தெரியவில்லை. அந்த முகத்தில் இருந்த பீதி எனக்குப் புதிதல்ல. படிக்கட்டில் எழிலிடம் நான் பார்த்ததுதான்.

அங்கிருந்து நடந்ததில் அவர் செருப்பு வார் அறுந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டுத் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தார். சூடு தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. உச்சி வெயில் சாய்ந்தபோது மைக்கில் எழிலின் பெயர் வந்தது. அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில், மோர் விற்கிற அம்மா ஒருத்தி, சீருடையோடு தனக்குத் தானே பேசிக்கொண்டு போன பெண்ணைக் கைப்பிடித்து நிழலில் உட்கார வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஓடினோம்.

புங்கமரத்தடியில் ஒரு சாக்கின் மேல் எழில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தொடாத மோர் டம்ளர். கண்கள் மூடியிருந்தன. உதடுகள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. "எதுனா கேட்டா பதிலே இல்லம்மா. மந்திரம் சொல்ற மாதிரியே சொல்லிக்கினு இருக்குது," என்றாள் மோர்க்காரம்மா, கொஞ்சம் பயந்தே.

"எழிலு." மிஸ் தோளைத் தொட்டார்.

அவள் கண்ணைத் திறந்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள். உடனே வலது கையை நேராக நீட்டி, உள்ளங்கையை மேலாகத் திருப்பினாள்.

"ரெண்டாவது வரி வரல மிஸ். ரோட்ல சொல்லிக்கினே வந்தேன். ரெண்டாவது வரில நின்னுச்சு. மொதல்ல இருந்து வந்தேன் மிஸ். மறுபடியும் நின்னுச்சு. வந்ததும் ஸ்கூலுக்குப் போயிடலாம்னு பாத்தேன். வரவே இல்ல மிஸ்."

எதிர்த்து நடக்க முடியாமல், கூட்டம் தள்ளிய திசையிலேயே, முதல் வரியைச் சொல்லிச் சொல்லிப் பாதி மலையைச் சுற்றியிருக்கிறாள்.

கஸ்தூரி மிஸ் அந்தக் கையைப் பிடிக்கவும் இல்லை, மடக்கவும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மண்ணில் உட்கார்ந்து வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு சில நாட்கள் கீழே சத்தமே இல்லை. மறுபடியும் டியூஷன் தொடங்கியபோது பீரோ மேல் பிரம்பு இல்லை. சுவரில் தட்டும் இல்லை. "நீங்களே படிங்க. புரியாதத கேளுங்க," என்று சொல்லிவிட்டு மிஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று அவர்களுக்குப் பயம். கேட்டுவிடப் போகிறார்களே என்று இவருக்குப் பயம். "எனக்கு வரியெல்லாம் தெரியும் சார். வரிக்கு உள்ள இன்னா இருக்குதுன்னு தெரியாது. அதான் நெஜம்," என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். அந்த மௌனமான சாயங்காலங்கள், பழைய ஓதலைவிட அச்சமூட்டுவதாக இருந்தன.

எழில் திரும்பி வந்து மூலையில் உட்காரத் தொடங்கி ஒரு வாரமாவது ஆகியிருக்கும். முதல் கேள்வி அவளிடமிருந்துதான் வந்தது. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ போலக் கேட்டாள்: "மிஸ், வேர்ல இருந்து தண்ணி அவ்ளோ ஒசரம் எப்படி மிஸ் ஏறுது? மோட்டார் கூட இல்லியே?"

மிஸ் வாயைத் திறந்தார். முதல் வரி வந்தது. இரண்டாவதைச் சொல்லாமல் நிறுத்தினார். "சரியா தெரியல பாப்பா," என்றார். கூடத்தில் யாரோ சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்கள். அன்று அவர் மாடிக்கு வந்து என் போனில் அதைத் தேடிப் படித்தார். இரண்டு மூன்று தடவை. மறுநாள் வாசலில் இருந்த நந்தியாவட்டைக் கொத்து ஒன்றை ஒடித்து, நீல இங்க் கலந்த தண்ணீரில் வைத்தார்கள். அதற்கு அடுத்த நாள் வெள்ளை இதழ்களில் மெல்லிய நீலக் கோடுகள் ஓடியிருந்தன. பிள்ளைகள் மண்டை மோத அதைச் சுற்றிக் குனிந்தார்கள். எழில் ஓர் இதழை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து வேடியப்பன் வந்தார். கார்களை வாடகைக்கு விடுகிறவர். அவர் மகன் ஆதவன் இங்கே படித்துக்கொண்டிருந்தான். "பரீட்சைக்கு இன்னும் எத்தினி நாளு இருக்குது? பூவுக்கு இங்க் ஊத்தி வெளயாடறதுக்கா இங்க அனுப்பறேன்? நான் எட்டாவதோட நின்னவன். ஸ்டேரிங் புடிச்சு கை காய்ஞ்சு போச்சு. இவனுக்கும் அதே கதி ஆச்சுன்னா நீங்க வந்து பதில் சொல்வீங்களா?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பயமும் நிஜமான பயம்தான். வேடியப்பன் மகனைக் கூட்டிக்கொண்டு போனார். பின்னாலேயே வேறு சிலரும் போனார்கள். எழிலையும் மூன்று நான்கு பேரையும் தவிர மிச்சம் யாரும் இல்லை. அன்று மிஸ் சுவரில் சாய்ந்து, மடித்த விரலோடு கையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "நான் செய்யறது சரியான்னே தெரியல சார். ரெண்டு பக்கமும் பள்ளம் மாதிரி இருக்குது," என்றார்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. கதைகளில் வருவதுபோல எதுவும் நடக்கவில்லை. எழில் தேறினாள். அறிவியலில் அவள் வழக்கமாக வாங்குவதைவிடக் குறைவு. வேறு சென்டருக்குப் போன ஆதவன் நல்ல மார்க் வாங்கினான். செங்கம் ரோட்டில் அவன் படம் போட்ட ஃப்ளெக்ஸ் பேனரை அந்த சென்டர்காரர்கள் கட்டினார்கள். கஸ்தூரி மிஸ் அதைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு நடப்பார்.

மணிமொழி அன்று சாயங்காலம் வந்தாள். மார்க்கைப் பற்றிப் பேசுவாள் என்று எதிர்பார்த்து மிஸ் உள்ளே போகப் பார்த்தார். "பாப்பா தூங்குது மிஸ்," என்றாள் மணிமொழி. "மின்ன எல்லாம் தூக்கத்துல பல்ல கடிச்சிக்கினு சொல்லிக்கினே இருக்கும். இப்ப சும்மா தூங்குது. அத சொல்லலாம்னுதான் வந்தேன்."

அவள் போன பிறகு மிஸ் என்னிடம், "அது போதும்னு எனக்கு இன்னும் தோண மாட்டேங்குது சார். ஆனா அத கேட்டுட்டு மறுபடியும் தட்டவும் கை வராது," என்றார்.

ஜூனில் பள்ளி திறந்த வாரம், அருணாதேவி என்று ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். வேங்கிக்காலில் புதுவீடு, கலெக்டர் ஆபீசில் வேலை. மிஸ்ஸுக்கு முன்பிருந்த நல்ல பெயரைக் கேள்விப்பட்டு வந்திருப்பார். கேட்டுக்கு வெளியே நின்றபடியே கேட்டார்: "டென்த்துல சயின்ஸ்ல சென்டம் எடுக்க வெச்சிடுவீங்கதானே மேடம்?"

மாடிப்படியில் நின்றிருந்த எனக்கு மிஸ்ஸின் பின்பக்கம்தான் தெரிந்தது. கழுத்து வேர்த்திருந்தது.

"தெரியலீங்க," என்றார்.

"தெரியலன்னா?"

"மின்ன எல்லாம் எடுப்பாங்கன்னு சொல்லிடுவேங்க. இப்ப சொல்ல வரல. பாப்பா தானா படிக்கும். கேள்வி கேக்கும். தெரிஞ்சா சொல்வேன். தெரியலன்னா ரெண்டு பேரும் சேந்து தேடுவோம். மார்க்கு ஜாஸ்தி வருமா, கம்மியா வருமான்னு… எனக்கும் பயமாத்தாங்க இருக்குது."

அருணாதேவி மகளைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண் ஒரு கால் செருப்பை மட்டும் கழற்றிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கஸ்தூரி மிஸ் கேட்டைத் திறந்து பிடித்திருந்தார். கை நடுங்கியதில் இரும்புக் கொண்டி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவர் இன்னொரு கையால் அந்த மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, சத்தத்தை நிறுத்தி, கேட்டை இன்னும் கொஞ்சம் அகலத் தள்ளினார்.